பிரெக்ஸிட்: ஒரு வாக்கெடுப்பு நாட்டை இரண்டாக்கிய கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2016 ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்கலாமா, வெளியேறலாமா என்று பிரிட்டன் தன் மக்களிடம் கேட்டது. வெளியேறுவோம் என்று பதில் வந்தது. அந்த வெளியேற்றத்துக்குத்தான் பிரெக்ஸிட் என்று பெயர். அந்த ஒரு நாள் வாக்குப்பதிவின் காயம் இன்னும் ஆறவில்லை. பேச்சுவாக்கில் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களைச் சொல்கிறேன். என் கருத்தை ஒளித்துவைக்கவில்லை.

முடிவு எவ்வளவு நெருக்கமாக இருந்தது?

வெளியேற 51.9 சதவீதம், நீடிக்க 48.1 சதவீதம். தலைக்கணக்கில் 1 கோடியே 74 லட்சம் பேர் ஒரு பக்கம், 1 கோடியே 61 லட்சம் பேர் மறுபக்கம். வித்தியாசம் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் வாக்குகள். பதிவான வாக்குகள் 72.2 சதவீதம், பிரிட்டனுக்கு இது பெரிய எண்ணிக்கை. வழக்கமாக வாக்குச்சாவடிப் பக்கமே வராத பலர் அன்று வந்தார்கள். அதனால் "மக்கள் சும்மா ஏதோ கோபத்தில் குத்திவிட்டார்கள்" என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

அன்றைய பிரதமர் கேமரன் இந்த வாக்கெடுப்பை ஏன் வைத்தார்?

சொந்தக் கட்சிச் சண்டையை அடக்க. ஐரோப்பா விஷயத்தில் கன்சர்வேட்டிவ் கட்சி பல ஆண்டுகளாகவே வெடித்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற நைஜல் ஃபராஜின் யூகிப் கட்சி வாக்குகளைப் பிடுங்கியது. 2013 ஜனவரியில் "அடுத்த தேர்தலில் ஜெயித்தால் வாக்கெடுப்பு வைக்கிறேன்" என்றார் டேவிட் கேமரன். 2015-இல் தனிப்பெரும்பான்மையுடன் ஜெயித்தார். வாக்கைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. நீடிப்போம் என்று பிரசாரம் செய்தார், தோற்றார், மறுநாள் காலையிலேயே ராஜினாமாவை அறிவித்தார்.

அப்படியென்றால் இந்தப் பிளவை வாக்கெடுப்புதான் உண்டாக்கியதா?

இல்லை. பிளவு முன்பே இருந்தது. அதற்குப் பெயரும் கொடியும் கொடுத்ததுதான் வாக்கெடுப்பு.

இரண்டு ஊர்களைப் பார்த்தால் புரியும். லிங்கன்ஷயரில் போஸ்டன் என்று ஒரு சிறிய ஊர். அமெரிக்கப் போஸ்டனுக்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். சுற்றிலும் தட்டையான வயல்கள், முட்டைக்கோஸ், காலிஃபிளவர், உருளைக்கிழங்கு. அவற்றைப் பறிக்கவும் பெட்டியில் அடைக்கவும் ஆட்கள் தேவை. 2004-இல் போலந்து, லித்துவேனியா, லாட்வியா உள்ளிட்ட பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தபோது, பெரும்பாலான உறுப்பு நாடுகள் சில ஆண்டுகளுக்குக் கதவைச் சாத்திவைத்தன. பிரிட்டனும் அயர்லாந்தும் ஸ்வீடனும் உடனே திறந்துவிட்டன. ஆண்டுக்கு அதிகபட்சம் 13,000 பேர் வருவார்கள் என்று பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு கணிப்பு தரப்பட்டிருந்தது. வந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. போஸ்டனின் மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் சுமார் 16 சதவீதம் கூடியது. ஊர்க்காரர்களின் புகார் வாடகை, பள்ளியில் இடம், மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றைப் பற்றியது. 75.6 சதவீதம் பேர் வெளியேறு என்றார்கள், நாட்டிலேயே அதிகம்.

தெற்கு லண்டனின் லாம்பெத் நேர் எதிர். பிரிக்ஸ்டன் எல்லாம் அங்கேதான். தலைமுறைகளாகக் குடியேறிகள் வந்து தங்கிய பகுதி. 78.6 சதவீதம் பேர் நீடி என்றார்கள்.

வயதும் படிப்பும் இதே கோட்டில்தான் பிரிந்தன. வாக்குப்பதிவு நாளில் எடுக்கப்பட்ட பெரிய கணிப்பு ஒன்றின்படி 18 முதல் 24 வயதுக்காரர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் நீடிக்க வாக்களித்தார்கள். 65-ஐத் தாண்டியவர்களில் 60 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். பட்டதாரிகள் பெரும்பாலும் ஒரு பக்கம், பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள் மறுபக்கம். வழக்கமான கட்சிக் கோடு இதற்குக் குறுக்கே போனது. வசதியான கிராமத்துக் கன்சர்வேட்டிவ்காரரும், சுரங்கம் மூடிப்போன ஊரின் லேபர்காரரும் ஒரே கட்டத்தில் பெருக்கல் குறி போட்டார்கள்.

வெளியேற வாக்களித்தவர்கள் எல்லாம் இனவெறியர்கள் என்கிறார்களே?

அநியாயமான பேச்சு. இனவெறி அந்தப் பிரசாரத்தில் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அகதிகளின் நீண்ட வரிசையைக் காட்டி "உடையும் தறுவாய்" என்று ஃபராஜ் ஒரு சுவரொட்டியை வெளியிட்டார். அதே நாளில், ஜூன் 16 அன்று, லேபர் எம்.பி. ஜோ காக்ஸை மேற்கு யார்க்‌ஷயரில் அவருடைய தொகுதியிலேயே ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டும் குத்தியும் கொன்றான். இரண்டு சிறு குழந்தைகளின் தாய். அதை நினைக்காமல் இந்த வாக்கெடுப்பைப் பற்றிப் பேச முடியாது.

ஆனால் 1 கோடியே 74 லட்சம் பேரை அந்தக் கணக்கில் எழுதுவது வேறு. சண்டர்லாந்தில் நிஸ்ஸான் கார் ஆலை 1986 முதல் ஓடுகிறது. அங்கே தயாராகும் கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகும். இருந்தும் அந்த ஊர் 61 சதவீதம் வெளியேற வாக்களித்தது. வேல்ஸில் பிளைனாய் குவெண்ட் பகுதி ஐரோப்பிய நிதியால் சாலையும் கல்லூரியும் பெற்றது. அங்கே 62 சதவீதம். ஏன்? உருக்காலையும் சுரங்கமும் போனபின் நல்ல சம்பளமும் ஊரின் மதிப்பும் திரும்பவில்லை. லண்டனில் இருப்பவர்கள் "பொருளாதாரம் நஷ்டப்படும்" என்று எச்சரித்தபோது, "அது உங்கள் பொருளாதாரம்" என்று பதில் சொன்ன ஊர்கள் இவை. சட்டத்தை நம் நாடாளுமன்றமே போட வேண்டும் என்று உண்மையாகவே நம்பி வாக்களித்தவர்களும் ஏராளம்.

பேருந்தில் எழுதியிருந்த 350 மில்லியன் பவுண்டு பொய்யா?

வாரத்துக்கு 350 மில்லியன் பவுண்டை ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று வெளியேறும் அணியினர் சிவப்புப் பேருந்தின் பக்கவாட்டில் எழுதினார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது. தள்ளுபடியும் திரும்பி வரும் மானியங்களும் போனால் பாதி அளவுதான் மிஞ்சும். நாட்டின் புள்ளிவிவர ஆணையமே இது தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது என்று கண்டித்தது. எழுதியவர்கள் அழிக்கவில்லை. எதிர்த்தரப்பு அந்த எண்ணை மறுக்க மறுக்க, எல்லார் வாயிலும் அதுவே புழங்கியது.

அங்கே இருக்கும் தமிழர்கள் வாக்களிக்க முடிந்ததா?

இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாவிட்டாலும், பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டவர் வாக்காளர் பட்டியலில் சேரலாம். அதனால் சென்னையிலிருந்து படிக்கப் போன மாணவருக்கும், இலங்கைக் கடவுச்சீட்டோடு வேலை பார்ப்பவருக்கும், மலேசியத் தமிழருக்கும் வாக்கு இருந்தது. பதினைந்து ஆண்டு அங்கேயே வரி கட்டிய பிரெஞ்சுக்காரருக்கும் போலந்துக்காரருக்கும் கிடையாது.

ஈழத்திலிருந்து அகதியாகப் போன பல குடும்பங்கள் முதலில் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என்று போய், அந்த நாட்டுக் குடியுரிமை பெற்று, பிறகு பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் உறவுகளுக்காகவும் லண்டனுக்கு மாறின. ஒரே வீட்டில் பிரிட்டிஷ் குடியுரிமை உள்ள மாமாவுக்கு வாக்கு உண்டு, ஜெர்மன் குடியுரிமை உள்ள அத்தைக்குக் கிடையாது. முடிவு வந்தபின், தொடர்ந்து தங்குவதற்கு அத்தைதான் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. அதற்குக் கடைசி நாள் 2021 ஜூன் 30. யாருடைய வாழ்க்கை அதிகம் மாறப்போகிறதோ அவர்களைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள் என்ற மனக்கசப்பு அந்தக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

ஆசிய வம்சாவளியினர் பெரும்பாலும் நீடிக்கவே வாக்களித்தார்கள், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மற்றவர்களின் வாதத்தில் ஒன்று: "ருமேனியாவிலிருந்து வருபவருக்கு விசா வேண்டாம், என் அக்கா மகனுக்கு மட்டும் ஆயிரம் கேள்வியா?" வெளியேறும் அணியும் இதைச் சொல்லித்தான் இவர்களிடம் வாக்குக் கேட்டது.

வாக்கெடுப்பு முடிந்தால் சண்டையும் முடிய வேண்டாமா? ஏன் வளர்ந்தது?

நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான். வாக்குச்சீட்டில் "வெளியேறு" என்று இருந்தது. எங்கே போவது என்று இல்லை. சரக்கும் ஆட்களும் தடையின்றி நடமாடும் ஒற்றைச் சந்தையில் நார்வே போல இருப்பதா, தங்களுக்குள் சுங்க வரி இல்லாமல் வெளிச்சரக்குக்கு ஒரே வரி வைக்கும் சுங்க ஒன்றியத்தில் மட்டும் இருப்பதா, கனடா போல வணிக ஒப்பந்தம் போடுவதா, ஒப்பந்தமே இல்லாமல் போவதா? நான்கும் "வெளியேறு"தான். வாடகை வீட்டைக் காலி செய்வதென்று முடிவெடுத்த குடும்பம், அடுத்த வீடு எது என்று பேசுவதற்குள் சாமான் ஏற்றும் லாரியை வரச்சொல்லிவிட்டது.

லாரி வந்த தேதி 2017 மார்ச் 29. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 50-ஆவது ஷரத்தின்படி வெளியேறும் கடிதத்தைக் கேமரனுக்குப் பின் பிரதமரான தெரேசா மே கொடுத்தார். அன்றிலிருந்து இரண்டே ஆண்டு கெடு. அமைச்சரவைக்குள்ளேயே எந்த வகை பிரெக்ஸிட் என்று முடிவாகவில்லை. அதற்குள் ஜூனில் திடீர்த் தேர்தல் வைத்து இருந்த பெரும்பான்மையையும் இழந்தார்.

48 சதவீதத்தை உட்காரவைத்துப் பேசி, இரு தரப்பும் பாதி மனதோடாவது ஏற்கும் ஏற்பாட்டைத் தேட அப்போது வழி இருந்தது. செய்யவில்லை. "பிரெக்ஸிட் என்றால் பிரெக்ஸிட்" என்றார் மே. உலகக் குடிமகன் என்று நினைப்பவர் எந்த நாட்டுக்கும் குடிமகன் இல்லை என்று 2016 கட்சி மாநாட்டில் பேசினார். தோற்ற பாதிக்கு அது முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவர்களும் சும்மா இருக்கவில்லை. முடிவையே ரத்து செய்ய வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2019-இல் அப்படிக் கேட்ட இணைய மனுவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ஜெயித்தவர்கள் "மக்கள் தீர்ப்பைத் திருடுகிறார்கள்" என்று கொதித்தார்கள். நடுவில் நின்றவர்களை இரு தரப்பும் துரோகி என்றது.

நாடாளுமன்றத்தில் அப்படி என்னதான் நடந்தது?

2019 ஜனவரி 15. ஒன்றியத்தோடு மே பேசி முடித்த வெளியேறும் ஒப்பந்தம் வாக்குக்கு வருகிறது. அங்கே பொத்தானை அழுத்துவது கிடையாது. எம்.பி.க்கள் எழுந்து "ஆம்" என்ற தாழ்வாரத்திலோ "இல்லை" என்ற தாழ்வாரத்திலோ நடந்து போக வேண்டும், தலையெண்ணுவார்கள். லேபர் எம்.பி. துலிப் சித்திக் நிறைமாத கர்ப்பிணி. சிசேரியனைத் தள்ளிவைத்துவிட்டுச் சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தார்.

ஏன் அந்த நிலை? வர முடியாதவருக்காக எதிர்த்தரப்பில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கும் ஜோடி ஏற்பாடு அங்கே உண்டு. எழுதப்படாத, நம்பிக்கையில் நடக்கும் ஏற்பாடு. ஆறு மாதம் முன்பு, பிரசவ விடுப்பில் இருந்த லிபரல் டெமாக்ரட் எம்.பி. ஜோ ஸ்வின்சனுக்கு ஜோடியாக ஒதுங்கியிருக்க வேண்டிய கன்சர்வேட்டிவ் கட்சியின் நிர்வாகத் தலைவர் பிராண்டன் லூயிஸ், நெருக்கமான வாக்கெடுப்பில் போய் வாக்களித்துவிட்டார். தவறுதலாக நடந்தது என்று கட்சி மன்னிப்புக் கேட்டது. ஆனாலும் சித்திக் மறுபடி அந்த ஏற்பாட்டை நம்பத் தயாராக இல்லை. கைக்குழந்தை உள்ளவர்கள் பதிலாள் மூலம் வாக்களிக்கும் முறை அதே மாதம் வந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் இடம் இது. சட்டத்தில் எழுதாமல் பரஸ்பர மரியாதையில் ஓடிக்கொண்டிருந்தவைதான் முதலில் உடைந்தன.

அன்றைய முடிவு: எதிராக 432, ஆதரவாக 202. நவீன காலத்தில் எந்த பிரிட்டிஷ் அரசும் இப்படித் தோற்றதில்லை. எதிர்த்தவர்களில் 118 பேர் மேயின் சொந்தக் கட்சி. அதிகம் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஒரு சாரார், வெளியேறவே கூடாது என்று இன்னொரு சாரார், இருவரும் ஒரே தாழ்வாரத்தில். மார்ச்சில் இன்னும் இரண்டு முறை கொண்டுவந்தார், இரண்டு முறையும் தோற்றார். சரி, சபையே வழி சொல்லட்டும் என்று எட்டு யோசனைகளை வாக்குக்கு விட்டார்கள். எட்டும் தோற்றன. ஏப்ரல் 1 அன்று நான்கை மறுபடி எடுத்தார்கள். சுங்க ஒன்றிய யோசனை 273-க்கு 276 என்று மூன்றே வாக்கில் போனது. சமரசத்துக்கு நாடு அதைவிட நெருங்கி வரவேயில்லை.

நீதிமன்றம் ஏன் உள்ளே வந்தது?

இரண்டு முறை. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் 50-ஆவது ஷரத்தை அரசு பயன்படுத்த முடியாது என்று 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. மறுநாள் டெய்லி மெயில் மூன்று நீதிபதிகளின் படத்தைப் போட்டு "மக்களின் எதிரிகள்" என்று தலைப்பிட்டது. 2019-இல் மேக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் முடக்கியபோது, அது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

குடும்பங்களும் பிரிந்தனவா?

பிரிந்தன, அல்லது சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. அன்றைய பிரதமர் வீட்டையே பாருங்கள். போரிஸ் ஜான்சன் வெளியேறும் அணியின் முகம். தம்பி ஜோ ஜான்சன் நீடிக்கும் பக்கம். தங்கை ரேச்சல் பிரெக்ஸிட்டை எதிர்த்து உருவான கட்சியின் வேட்பாளராகவே நின்றார். அண்ணன் பிரதமரான ஆறு வாரத்தில், குடும்ப விசுவாசத்துக்கும் நாட்டு நலனுக்கும் இடையே கிழிபடுகிறேன் என்று சொல்லித் தம்பி அமைச்சர் பதவியை விட்டார். அப்பா ஸ்டான்லி பின்னர் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொண்டார்.

எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறீர்கள் என்பதைவிட, எந்தப் பக்கம் என்பதே மக்களுக்குப் பெரிய அடையாளமானது. எதிர்ப்பக்கத்து வீட்டில் பெண் கொடுப்பதா, எடுப்பதா என்று யோசிக்கும் அளவுக்கு அது போனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

லேபர் கட்சி என்ன செய்துகொண்டிருந்தது?

மதில்மேல் பூனையாக நின்றது. கட்சி உறுப்பினர்கள் பெரும்பாலும் நீடிக்க விரும்பினார்கள். ஆனால் அதன் தொகுதிகளில் பெரும்பாலானவை வெளியேற வாக்களித்தவை. அன்றைய தலைவர் ஜெரமி கோர்பின் இரண்டையும் விடாமல் பிடிக்கப் பார்த்தார். 2019 டிசம்பர் தேர்தலில் "பிரெக்ஸிட்டை முடித்துக் காட்டுகிறேன்" என்ற ஒரே கோஷத்தோடு ஜான்சன் 365 இடங்களை அள்ளினார். லேபருக்கு 202, 1935-க்குப் பிறகு மிகக் குறைவு. முன்னாள் லேபர் பிரதமர் டோனி பிளேரின் பழைய தொகுதியான செட்ஜ்ஃபீல்டே கன்சர்வேட்டிவ் ஆனது. ஜான்சனின் வாக்கு 43.6 சதவீதம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடங்கள் குவிந்தன, நாடு ஒன்றும் ஒரே மனதாகிவிடவில்லை. 2020 ஜனவரி 31 இரவு பிரிட்டன் வெளியேறியது.

ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும்?

ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் நீடிக்க வாக்களித்தார்கள், ஒரு வட்டாரம்கூட வெளியேறச் சொல்லவில்லை. "எங்களை இழுத்துக்கொண்டு போகிறார்கள்" என்று தனிநாட்டுக் கோரிக்கை மறுபடி எழுந்தது. லண்டன் அனுமதி இல்லாமல் அதற்கு வாக்கெடுப்பு வைக்க முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வட அயர்லாந்து இன்னும் சிக்கல். அங்கே 55.8 சதவீதம் நீடிக்க. அயர்லாந்துக் குடியரசோடு சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, 200-க்கும் மேற்பட்ட சாலைகள் கடக்கின்றன. பல ஆண்டு மோதலை முடித்த 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு காவல் கோபுரங்கள் போய், எல்லை எங்கே என்றே தெரியாத அமைதி. வெளியேறினால் சுங்கச் சோதனை எங்கே வைப்பது? நிலத்தில் வைத்தால் அமைதி கெடும். ஜான்சன் கடலில் வைத்தார். பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்குக்குச் சோதனை வந்ததும், பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகள் கைவிடப்பட்டதாகக் கொதித்தார்கள். அவர்களுடைய டி.யு.பி. கட்சி இரண்டு ஆண்டுகள் பெல்ஃபாஸ்ட் அரசையே நடக்கவிடவில்லை. 2024 பிப்ரவரியில்தான் அது திரும்ப இயங்கியது. பிரசாரத்தின்போது லண்டனில் இந்த எல்லையைப் பற்றி யோசித்தவர்கள் மிகக் குறைவு. மன்னிக்க முடியாத அலட்சியம் அது.

குடியேற்றமாவது குறைந்ததா?

ஐரோப்பியர்கள் வருவது குறைந்தது. ஆனால் மொத்தம் ஏறியது. 2023 ஜூன் வரையான ஓராண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. இந்தியா, நைஜீரியா, சீனா என்று வெளியிலிருந்து மாணவர்களும் முதியோர் பராமரிப்புப் பணியாளர்களும் வந்தார்கள். பிறகு விதிகளை இறுக்கியதும் இறங்கியது. எண்ணிக்கை குறைய வேண்டும் என்பதற்காகவே வாக்களித்த போஸ்டன் போன்ற ஊர்கள், தங்களை மறுபடி ஏமாற்றிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொண்டன. 2024 தேர்தலில் போஸ்டன் தொகுதி ஃபராஜின் ரிஃபார்ம் கட்சிக்குப் போனது.

இப்போது வருந்துகிறார்களா? திரும்பச் சேர்வார்களா?

சில ஆண்டுகளாக வரும் கருத்துக்கணிப்புகளில் வெளியேறியது தவறு என்பவர்களே அதிகம். அதற்கு மனம் மாறியவர்கள் ஒரு காரணம், அன்று வயது வராத இளைஞர்கள் இன்னொரு காரணம். நீண்ட கால உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்பது அரசின் சுயேச்சையான வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீடு.

ஆனால் திரும்புவது லேசில்லை. 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். பழைய தள்ளுபடி கிடைக்காது, யூரோவை ஏற்கும் வாக்குறுதியும் கேட்பார்கள். 2024-இல் பிரதமரான கீர் ஸ்டார்மர் 2025 மே மாதம் ஒன்றியத்தோடு மீன்பிடி, உணவுப் பொருள் சோதனை போன்றவற்றில் புதிய உடன்பாட்டுக்கு வந்தார். ஒற்றைச் சந்தையும் வேண்டாம், சுங்க ஒன்றியமும் வேண்டாம், தடையற்ற நடமாட்டமும் வேண்டாம் என்பதே அப்போதும் அவர் நிலை. அவர் தயங்கும் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் 2019-இல் மூன்று வாக்கில் தோற்ற அந்தச் சுங்க ஒன்றிய யோசனையை மறுபடி எடுத்து, இந்த முறை வெளியேற வாக்களித்த ஊர்களுக்கே போய், கெடு வைக்காமல் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.